பஞ்சமும் மழைக் கணக்கும்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் முதியோர் வழிவழியாகச் சொல்லிவந்த பெயர் ஒன்று உண்டு. அது ‘தாது வருஷப் பஞ்சம்’ என்பது. அறுபது ஆண்டுகளைக் கொண்ட நமது ஆண்டு வட்டத்தில் தாது என்பது ஓர் ஆண்டின் பெயர். 1876ஆம் ஆண்டின் சித்திரையில் பிறந்த தாது, தென்னாட்டு மக்களின் நினைவிலே ஆறாத வடுவாக நிலைத்துவிட்டது. வட்டமாகச் சுழலும் ஆண்டுகளுக்குப் பெயரிட்டுப் பழகிய மக்கள், துன்பமும் வட்டமாகச் சுழன்று திரும்பி வரும் என்று அஞ்சியது இயல்பே. அந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டா? மழையும் வறட்சியும் ஒரு முறையை ஒட்டி வருகின்றனவா, அல்லது முறையின்றி வருகின்றனவா? இந்தக் கேள்விக்கு எண்களைக் கொண்டு விடை காண முயன்றவர்களின் வரலாறு அறிவியல் வரலாற்றில் ஒரு சுவையான பகுதி. அது மனித உயிர்களோடு பின்னிப் பிணைந்த பகுதியும் ஆகும்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலை, அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றைத் தடுத்து நிறுத்துகிறது. மலையின் மேற்குச் சரிவில் மழை கொட்டுகிறது. கிழக்கே உள்ள தக்காணப் பீடபூமிக்குக் கிடைப்பது எஞ்சிய மழைதான். பெல்லாரி, அனந்தப்பூர், கர்நூல், கடப்பை ஆகிய பகுதிகள் இந்த மழை மறைவில் அமைந்தவை. அனந்தப்பூரின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 55 சென்டிமீட்டர். பாலைவனம் என்று சொல்லும் அளவுக்கு இது குறைவன்று. கவலையின்றிப் பயிரிடும் அளவுக்குப் போதுமானதும் அன்று. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட இத்தகைய நிலத்தை அரை வறள் நிலம் என்பர். பாலையில் வாழ்பவன் மழையை நம்பி விதைப்பதில்லை. அரை வறள் நிலத்தின் உழவனோ நம்பி விதைக்கிறான். அந்த நம்பிக்கை பொய்க்கும் ஆண்டிலேதான் பஞ்சம் பிறக்கிறது.

இந்நிலத்தில் சராசரி என்ற சொல் பெரிதும் ஏமாற்றக் கூடியது. மழை வளம் மிக்க நாடுகளில் ஓர் ஆண்டின் மழை சராசரியை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை. அரை வறள் நிலத்திலோ ஓர் ஆண்டு சராசரியில் பாதி பெய்யும். மற்றோர் ஆண்டு ஒன்றரை மடங்கு பெய்யும். மேலும், அளவுக்கு மீறிப் பெய்த சில ஆண்டுகள் சராசரியை உயர்த்திவிடுகின்றன. ஆதலால், சராசரிக்குக் குறைவாகப் பெய்யும் ஆண்டுகளே எண்ணிக்கையில் மிகுதி. ‘இயல்பான மழை’ என்று ஏட்டிலே எழுதப்படும் அளவு, உழவனின் வயலிலே அபூர்வமாகத்தான் பெய்கிறது.

1876ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழையும் தவறியது. அதனை அடுத்து வடகிழக்குப் பருவமழையும் தவறியது. அடுத்த ஆண்டில் இந்தியா முழுவதிலும் பருவமழை இயல்பைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சென்னை மாகாணம், மைசூர், பம்பாய்த் தக்காணம், ஐதராபாத் ஆகிய பகுதிகளைப் பஞ்சம் சூழ்ந்தது. நிவாரண வேலைத்தளங்களில் மக்கள் இலட்சக்கணக்கில் திரண்டனர். அங்கே வேலை செய்தவர்களுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் கட்டளையிட்டார். அது உயிரைக் காக்கப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதே ஆகும். பஞ்சம் ஓய்ந்தபோது, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மடிந்திருந்தனர் என்று அரசாங்கத்தின் கணக்கே கூறியது.

இத்துணை பெரிய துயரத்தை முன்கூட்டியே அறிந்திருக்க முடியாதா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை தேட ஒரு கருவூலம் சென்னையிலேயே இருந்தது. 1792இல் நிறுவப்பட்ட சென்னை வானாய்வு நிலையத்தில் மழையளவு பதிவு செய்யப்பட்டு வந்தது. 1813 முதல் தொடர்ச்சியான மழைக் கணக்கு கிடைத்தது. இந்தியாவின் புள்ளிவிவரத் துறைத் தலைவராக இருந்த வில்லியம் வில்சன் ஹன்டர், இந்தக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அக்காலத்தில் அறிஞர் உலகைக் கவர்ந்திருந்த செய்தி, சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகளைப் பற்றியது. அப்புள்ளிகள் ஏறத்தாழ பதினோர் ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகியும் குறைந்தும் வருவதை ஜெர்மானியரான ஷ்வாபே 1843இல் வெளியிட்டிருந்தார். சென்னையின் 64 ஆண்டு மழைக் கணக்கை ஹன்டர் பதினொன்று பதினொன்றாக அடுக்கிச் சராசரி கண்டார். புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழையும் குறைவதாக அவருக்குத் தோன்றியது. பெரும் பஞ்சங்கள் சூரியப் புள்ளிகள் குறைந்த காலத்தை ஒட்டியே வந்திருப்பதாகவும் அவர் கருதினார். 1877இல் அவர் இதனை வெளியிட்டபோது ஆட்சியாளரும் அறிஞரும் பரபரப்புடன் படித்தனர். பஞ்சத்துக்கு நாள் குறித்துவிடலாம் என்றால், அதைக் காட்டிலும் பயனுள்ள கண்டுபிடிப்பு வேறு என்ன இருக்க முடியும்?

ஆனால் அதே ஆண்டில், ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி என்ற படைத்தளபதி இலண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை அளித்தார். அவர் பொறியியலறிஞர், இந்தியாவில் நெடுங்காலம் பணியாற்றியவர். சூரியன் மழையைப் பாதிக்குமா என்ற விவாதத்தில் அவர் இறங்கவில்லை. அதைவிட அடிப்படையான ஒரு வினாவை எழுப்பினார். ஒரு வரிசை எண்களில் சுழற்சி உண்மையாகவே இருக்கிறது என்று சொல்வதற்கு அளவுகோல் எது?

அவர் கையாண்ட முறை எளியது. ஒவ்வோர் ஆண்டின் மழையும் மொத்தச் சராசரியை விட்டு எவ்வளவு விலகி நிற்கிறது என்பது ஒரு கணக்கு. பதினோர் ஆண்டுச் சுழற்சியில் அந்த ஆண்டுக்கு உரிய சராசரியை விட்டு எவ்வளவு விலகி நிற்கிறது என்பது மற்றொரு கணக்கு. சுழற்சி மெய்யானால், இரண்டாவது விலகல் முதலாவதைவிட நன்றாகச் சுருங்கியிருக்க வேண்டும். சென்னை மழையிலோ அவ்விரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சுழற்சியை அறிந்தவனும் அறியாதவனும் அடுத்த ஆண்டின் மழையைக் கணிப்பதில் ஏறக்குறைய ஒரே அளவு பிழை செய்வார்கள் என்பது இதன் பொருள்.

அப்படியானால் ஹன்டர் கண்ட ஏற்ற இறக்கம் எங்கிருந்து வந்தது? 64 ஆண்டுகளைப் பதினொன்றாகப் பகுத்தால், சுழற்சியின் ஒவ்வோர் இடத்துக்கும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் கிடைப்பதில்லை. ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறும் மழையில் ஐந்தாறு ஆண்டுகளின் சராசரியை எடுத்தால், அச்சராசரிகளும் மேலும் கீழுமாகத்தான் நிற்கும். சிறிது மெருகிட்டால் அவை ஓர் அலையாகவே காட்சியளிக்கும். அலையைக் காண விரும்பும் கண்ணுக்கு எண்கள் அலையைக் காட்டாமல் இருப்பதில்லை.

இதனை மாணவர்கள் தாமே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பையில் ஐந்து புளியங்கொட்டைகளை இடுங்கள். அவற்றுள் ஒன்றை மட்டும் தரையில் தேய்த்து வெளுப்பாக்கிக் கொள்ளுங்கள். வெளுத்த கொட்டையே வறட்சி ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். பாராமல் ஒன்றை எடுத்து, நிறத்தைக் குறித்துக்கொண்டு, மீண்டும் பையில் இட்டுக் குலுக்குங்கள். இவ்வாறு நூறு முறை செய்தால் நூறு ஆண்டுகளின் கற்பனை வரலாறு கிடைத்துவிடும். அதில் ஏறத்தாழ 20 வறட்சிகள் வரும். ஐந்து ஆண்டுக்கு ஒன்று என்று ஒழுங்காக அவை வரிசையில் நிற்குமா? நில்லா. இரண்டு வறட்சிகள் அடுத்தடுத்து வருவது சராசரியாக நான்கு முறை நேரும். மூன்று வறட்சிகள் தொடர்ந்து வருவதும் அரியதன்று. ஒரு வறட்சிக்குப்பின் பத்தாண்டுகள் தொடர்ந்து வறட்சியே இல்லாதிருப்பதற்கும் நூற்றுக்குப் பதினொன்று என்ற அளவில் வாய்ப்பு உண்டு. பையில் இருப்பவை வெறும் புளியங்கொட்டைகள்; அவற்றுக்கு நினைவில்லை, நோக்கமில்லை, சுழற்சியுமில்லை. எனினும் அந்த வரலாற்றைப் படிப்பவன், ‘இது கெட்ட காலம்’, ‘இது நல்ல காலம்’ என்று பிரித்துப் பெயரிட்டுவிடுவான்.

அதே கணக்கு வேறொரு செய்தியையும் சொல்கிறது. ஆண்டுதோறும் ஐந்தில் ஒரு பங்கு வறட்சிக்கு வாய்ப்பு இருந்தால், அடுத்த பத்தாண்டுக்குள் ஒரு முறையேனும் வறட்சி வருவதற்கு நூற்றுக்கு 89 அளவு வாய்ப்பு உண்டு. எந்த ஆண்டில் வரும் என்பதைக் கணக்குச் சொல்லாது. வரும் என்பதை அநேகமாக உறுதியாகவே சொல்லும். முற்காலத்தில் ஏரிகளையும் குளங்களையும் வெட்டியவர்களுக்கு நிகழ்தகவுக் கணக்குத் தெரிந்திருக்காது. ஆயினும், நல்ல ஆண்டின் நீரைத் தேக்கிப் பொல்லாத நாளுக்கு வைத்துக்கொள்வதில் இந்த உண்மையைத்தான் அவர்கள் நடைமுறையில் கைக்கொண்டார்கள்.

வரலாற்றின் பொருத்தம் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். சுழற்சியை மறுத்த அதே ஸ்ட்ரேச்சிதான் 1878இல் அமைக்கப்பட்ட பஞ்சக் கமிஷனுக்குத் தலைவரானார். 1880இல் வெளிவந்த அதன் அறிக்கை, பஞ்சத்துக்கு நாள் குறிக்கும் வேலையில் இறங்கவில்லை. எப்போது வந்தாலும் எதிர்கொள்ள ஆயத்தமாக இருப்பதற்கு உரிய விதிகளை வகுத்தது. மழை தவறும்போது முதலில் அழிவது உழைப்பாளியின் கூலி. கூலி இல்லாதவனுக்குச் சந்தையில் தானியம் இருந்தும் பயனில்லை என்ற உண்மையை அது எடுத்துக்காட்டியது. அதனை ஒட்டிப் பஞ்ச விதித் தொகுப்புகள் மாகாணந்தோறும் உருவாயின. ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடி ரூபாயைப் பஞ்சக் காப்புக்காக ஒதுக்கும் ஏற்பாடும் 1878இல் செய்யப்பட்டிருந்தது. இந்த விதிகள் குறையற்றவை அல்ல; 1896–97இலும் 1899–1900இலும் வந்த பஞ்சங்களில் மீண்டும் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். ஆனால், முறையான ஆயத்தம் என்ற கருத்து ஆட்சியின் கடமையாக ஏட்டில் ஏறியது அப்போதுதான்.

மழையை முன்னறியும் முயற்சியும் கைவிடப்படவில்லை. 1875இல் நிறுவப்பட்ட இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயத்தில் பனி மிகுந்த ஆண்டுகளில் பருவமழை குறைவதாகக் கண்டு 1884இல் எழுதினார். அதனைக் கொண்டு 1886 முதல் முன்னறிவிப்புகள் முறையாக வெளிவந்தன. அவருக்குப்பின் வந்த ஜான் எலியட், 1899இல் நல்ல மழை வரும் என்று அறிவித்தார். அவ்வாண்டில் பருவமழை ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்து, கொடிய பஞ்சம் மூண்டது. பொய்த்த முன்னறிவிப்பு, முன்னறிவிப்பே இல்லாமையைவிடத் தீங்கானது என்பதை அந்த ஆண்டு காட்டிற்று.

1904இல் அப்பொறுப்பை ஏற்ற கில்பர்ட் வாக்கர், கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல்வராகத் தேறியவர். தமிழ் மாணவர்களுக்கு அவரிடம் தனிப்பட்ட நன்றிக்கடன் ஒன்று உண்டு. 1913இல் சென்னைக்கு வந்தபோது, துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜனின் கணக்குகளைக் கண்டு வியந்து, அவருக்கு உதவுமாறு சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியவர் வாக்கரே.

வாக்கர் வானிலையியலில் பயின்றவர் அல்லர். அதனால் கோட்பாடுகளை நம்பாமல் எண்களையே நம்பினார். உலகின் பல மூலைகளிலிருந்து வெப்பம், காற்றழுத்தம், மழை ஆகியவற்றின் பதிவுகளைத் திரட்டி, எழுத்தர் குழு ஒன்றைக்கொண்டு இரண்டிரண்டாக ஒப்பிடச் செய்தார். இரண்டு வரிசைகள் எவ்வளவு நெருங்கி ஒத்து அசைகின்றன என்பதை ஒட்டுறவுக் கெழு என்ற எண்ணால் அளந்தார். ஆனால் அவர் உடனே ஓர் ஆபத்தையும் உணர்ந்தார். இருபதில் ஒரு முறைதான் தற்செயலாக வரக்கூடிய ஒற்றுமையை ஒரே ஒரு சோதனையில் கண்டால் வியக்கலாம். இருபது சோதனைகள் செய்துவிட்டு அவற்றுள் ஒன்றில் அதைக் கண்டால் வியப்பதற்கு என்ன இருக்கிறது? பல வரிசைகளை ஒப்பிடும்போது மிகப் பெரிதாகத் தோன்றும் ஒற்றுமை வெறும் தற்செயலாக இருக்கலாம். அதைப் பிரித்தறியும் அளவுகோலை வாக்கர் 1914இல் வகுத்தார். 1877இல் ஸ்ட்ரேச்சி தொடங்கிய எச்சரிக்கை இவ்வாறு முழுமை பெற்றது.

இந்தச் சல்லடையில் சலித்தபின்பும் ஒன்று நிலைத்து நின்றது. பசிபிக் பெருங்கடலின் மேல் காற்றழுத்தம் உயர்ந்தால் இந்தியப் பெருங்கடலின் மேல் தாழ்கிறது. அங்கே தாழ்ந்தால் இங்கே உயர்கிறது. தராசின் தட்டுகளைப்போல அமைந்த இந்த அசைவுக்கு வாக்கர் தென் அலைவு என்று பெயரிட்டார். அவர் 1924இல் இந்தியாவை விட்டுச் சென்றபின், 1928இல் பிரேசில் நாட்டின் வடகிழக்கிலுள்ள சியரா மாநிலத்தின் பஞ்சங்களையும் ஆராய்ந்தார். அதுவும் அரை வறள் நிலமே. அங்கே 1877 முதல் 1879 வரை நீடித்த வறட்சியை மக்கள் இன்றும் ‘பெருவறட்சி’ என்றே வழங்குகின்றனர். பெல்லாரியில் உழவன் வானத்தைப் பார்த்து ஏங்கிய அதே 1877இல், உலகின் மறுபக்கத்தில் சியராவின் உழவனும் ஏங்கிக்கொண்டிருந்தான். பசிபிக் கடலின் நீர் வழக்கத்துக்கு மாறாக வெப்பமடையும் எல் நினோ என்ற நிகழ்ச்சியும் தென் அலைவும் ஒன்றோடொன்று இணைந்தவை என்பதை யாக்கப் பியெர்க்னஸ் 1969இல் விளக்கினார். 1877 வலிமைமிக்க எல் நினோ ஆண்டு என்பது இப்போது தெரிந்த செய்தி. தாது வருஷப் பஞ்சத்தின் வானிலைக் காரணத்தில் பெரும்பங்கு சூரியனில் இல்லை, கடலில் இருந்தது.

எனினும் எல் நினோவும் பஞ்சாங்கம் அன்று. அது வரும் இடைவெளி ஒழுங்கற்றது. வந்தாலும் எப்போதும் ஒரே விளைவைத் தருவதில்லை. 1997இல் மிக வலிய எல் நினோ தோன்றியும் இந்தியப் பருவமழை இயல்பான அளவில் பெய்தது. 2002இல் அதைவிட மெலிந்த எல் நினோ தோன்றியும் மழை 19 சதவீதம் குறைந்தது. நாடு தழுவிய வறட்சிகளின் பட்டியலைப் பார்த்தால், 1965, 1966 என்று அடுத்தடுத்து வந்தவையும் உண்டு. 1988 முதல் 2001 வரை 14 ஆண்டுகள் ஒன்றுகூட இல்லாத காலமும் உண்டு. இத்தகைய கொத்துகளில் எவ்வளவு தற்செயல், எவ்வளவு பெருங்கடலின் மெதுவான மாற்றம் என்பது அறிஞர்கள் விவாதித்து வரும் வினா. தாதுவோ 1936இலும் 1996இலும் திரும்பி வந்தது. பஞ்சத்தைக் கூட்டி வரவில்லை. 1996 ஜூனில் சென்னை கண்டது பெருமழையையும் வெள்ளத்தையுமே.

ஆண்டுக் கணக்கோடு உழவனின் கவலை தீர்ந்துவிடுவதில்லை. மொத்த மழை போதுமானதாக இருந்தும், கதிர் பிடிக்கும் வேளையில் மூன்று வாரம் வானம் பொய்த்தால் விளைச்சல் போய்விடும். ஆதலால், மழை நாட்களும் வறண்ட நாட்களும் தொடரும் விதத்தையும் அறிஞர் கணக்கிட்டனர். கேப்ரியல், நியூமன் என்ற இருவர் டெல் அவிவ் நகரின் குளிர்கால மழையை ஆராய்ந்து 1962இல் வெளியிட்டனர். மழை பெய்த நாளுக்கு அடுத்த நாளும் மழை பெய்வதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. வறண்ட நாளுக்கு அடுத்த நாள் பெய்வதற்கு நான்கில் ஒரு பங்கே வாய்ப்பு. நாட்களுக்கு, புளியங்கொட்டையைப்போலன்றி, ஓரளவு நினைவு உண்டு என்று இதனால் அறிகிறோம். இத்தகைய கணக்கைக் கொண்டு, எந்த வாரத்தில் விதைத்தால் இடர் குறைவு என்று சொல்ல முடியும். 1972இல் ஐதராபாத் அருகே பதான்சேருவில் நிறுவப்பட்ட அரை வறள் வெப்பமண்டலப் பயிர்களுக்கான சர்வதேச ஆராய்ச்சி நிலையம், இந்திய ஊர்கள் பலவற்றுக்கு வாரந்தோறும் மழை வாய்ப்புகளைக் கணக்கிட்டு வெளியிட்டது.

நமது மாநிலத்திலிருந்தே கடைசியாக ஓர் எடுத்துக்காட்டைக் கூறலாம். 2015இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெய்தது. சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2016இல் அதே பருவமழை 62 சதவீதம் குறைந்தது. இரண்டு ஆண்டுகளையும் கூட்டிச் சராசரி கண்டால் மழை ஏறக்குறைய இயல்பாகவே இருக்கும். அந்தச் சராசரிக்குள்ளே ஒரு பெருவெள்ளமும் ஒரு கடும் வறட்சியும் ஒளிந்திருக்கின்றன. முதலாண்டில் கடலில் கலந்த நீரில் சிறு பகுதியைத் தேக்கியிருந்தாலும் இரண்டாம் ஆண்டின் துன்பம் அந்த அளவுக்குக் குறைந்திருக்கும்.

இந்த வரலாறு மாணவர்களுக்கு இரண்டு படிப்பினைகளைத் தருகிறது. எண்களைத் திரட்டுவது அறிவின் தொடக்கமே. திரட்டிய எண்களில் நமக்கு வேண்டிய உருவம் தெரியும்போது, அது மெய்யா என்று சோதித்துப் பார்ப்பதே அறிவின் நிறைவு. ஹன்டரின் நோக்கம் நல்லது. அவர் கையிலிருந்த எண்களும் மெய்யானவை. சோதனை மட்டுமே குறைந்திருந்தது. அந்தச் சோதனையைச் செய்தவர்களால்தான் பஞ்சம் பஞ்சாங்கத்தை விட்டு நீங்கி, ஆட்சியின் பொறுப்பாயிற்று. மற்றொன்று, மழை தவறுவது இயற்கையின் செயல். மழை தவறிய ஆண்டில் மக்கள் மடிவது மனிதரின் தவறு. 1877இல் பருவமழை மூன்றில் ஒரு பங்கு குறைந்தபோது நாட்டில் இலட்சோபலட்சம் உயிர்கள் அழிந்தன. 2009இல் அது 22 சதவீதம் குறைந்தபோது பயிர் வாடியது, உழவர் துன்புற்றனர். ஆனால் அத்தகைய உயிர்ச்சேதம் நேரவில்லை. இரண்டு ஆண்டுகளின் வறட்சியும் ஒரே அளவினது அன்று. ஆயினும் அத்துணை பெரிய வேறுபாட்டை மழையின் அளவு மட்டும் விளைவிக்கவில்லை. தானியக் கையிருப்பும், பாசனமும், போக்குவரத்தும், மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆட்சியும் அதை விளைவித்தன. அடுத்த வறட்சி எந்த ஆண்டில் வரும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. ஆகவே, ஒவ்வோர் ஆண்டும் அதற்கு ஆயத்தமாக இருப்பதே மழைக் கணக்கு நமக்குக் கற்பிக்கும் பாடம்.